கண்மாயும் கிணறும் ஒரே கணக்கில்: கொட்டாம்பட்டிப் பக்கம் கட்டிய ஒரு மாதிரி

கொட்டாம்பட்டி வட்டாரத்து மானாவாரிக் கண்மாய் ஒன்றுக்கும் அதன் ஆயக்கட்டில் (பாசனம் பெறும் நிலத்தில்) உள்ள 22 கிணறுகளுக்கும் சேர்த்து, நாள் கணக்கில் ஓடும் சிஸ்டம் டைனமிக்ஸ் மாதிரி ஒன்றைக் கட்டி முடித்தாயிற்று. அளவுக்கம்பம் காட்டும் மட்டமும் கணினி வரையும் கோடும் இப்போது பெரும்பாலான நாட்களில் கால் அடிக்குள் ஒட்டி நிற்கின்றன. எந்த வரிசையில் கட்டினோம், எந்த இடத்தில் கணக்கு உடைந்தது, உடைந்ததிலிருந்து என்ன தெரிந்தது என்பதே இந்தப் பதிவு. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் எதற்கும் இந்த முறை பொருந்தும். எண்களை மட்டும் அவரவர் கண்மாயில் அளந்து போட வேண்டும்.

சிஸ்டம் டைனமிக்ஸின் தத்துவம் இவ்வளவுதான். தேங்கி நிற்பது இருப்பு. கண்மாய் நீர், கிணற்று நீர் இரண்டும் இருப்புகள். இருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓட்டம். மழை வரத்து, மடைப் போக்கு, ஆவியாதல், கசிவு, மோட்டார் இறைப்பு எல்லாம் ஓட்டங்கள். ஓர் இருப்பின் அளவைப் பார்த்து ஓர் ஓட்டம் மாறினால் அது பின்னூட்டம். நேற்றைய இருப்போடு நேற்றைய வரத்தைக் கூட்டிப் போக்கைக் கழித்தால் இன்றைய இருப்பு. இதற்கு லிப்ரே ஆபீஸ் விரிதாள் போதும். படமாக வரைந்து ஓட்ட விரும்புவோர் வென்சிம் பி.எல்.இ. பயன்படுத்தலாம், சொந்தமாகக் கற்றுக்கொள்ள அது இலவசம். விரிதாளில் ஒவ்வொரு நாளும் ஒரு வரிசையாகக் கண்ணெதிரே நிற்பதால் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. முதல் மாதிரியை விரிதாளில் கட்டுவதே நல்லது.

அளவுகருவிகள்

கம்பத்துக்கு 10 அடி நீள இரும்பு எல்-ஆங்கிள், 35 மி.மீ. அகலம். வெள்ளை எனாமல் பூசி, கறுப்பில் அங்குலக் கோடும் அடி எண்ணும் போட வேண்டும். மடைக்குப் பக்கத்தில், உள்வாயின் (தண்ணீர் தேங்கும் உட்பகுதியின்) மிகத் தாழ்ந்த இடத்தில், கண்மாய் வற்றியிருக்கும்போதே குழி தோண்டிக் கான்கிரீட்டில் நிறுத்த வேண்டும். மடைக் கல்லின் அடிமட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. ஆங்கிள், பெயின்ட், அரை மூட்டை சிமென்ட் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

மழைமானியைக் கடையில் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். வாய் 20 செ.மீ. விட்டமுள்ள புனலை ஒரு கேனில் செருகி, சேர்ந்த தண்ணீரை மில்லிலிட்டர் குவளையில் அளந்தால் போதும். 31.4 மி.லி. என்றால் 1 மி.மீ. மழை. புனல் விளிம்பு மட்டமாக இருக்க வேண்டும். மரத்துக்கும் சுவருக்கும் எட்ட இருக்க வேண்டும். கிணற்றுக்கு 100 அடி ஃபைபர் டேப், நுனியில் கட்ட ஒரு ஈயக் குண்டு. கிணற்று மட்டத்தை விடியற்காலையில், மோட்டார் எதுவும் ஓடத் தொடங்கும் முன் அளக்க வேண்டும். பகலில் அளந்தால் கிடைப்பது இறைப்பால் தற்காலிகமாக இறங்கிய மட்டம், நிலத்தடி நீரின் மட்டம் அல்ல.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய தொல்லை தரும். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழையை அளந்து, முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதும். கம்பத்தை ஒருவர் காலை 6 மணிக்குப் பார்க்கிறார், மழைமானியை இன்னொருவர் 9 மணிக்குப் பார்த்து முந்தைய நாள் தேதியில் எழுதுகிறார் என்றால் வரத்தும் மட்டமும் ஒரு நாள் தள்ளிப் போகும். சில நாட்களில் மழைக்கு முன்பே கண்மாய் ஏறியதாகக் கணக்கு காட்டும். எல்லா அளவையும் காலை 8.30 என்று ஒரே நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. கிணறு மட்டும் விதிவிலக்கு.

கண்மாயின் கொள்ளளவு

பரப்பை ஆழத்தால் பெருக்குவதுதான் பலரும் செய்யும் முதல் கணக்கு. இந்தக் கண்மாய்க்கு நிறை மட்டத்தில் நீர்ப்பரப்பு 40 ஏக்கர், மடையருகே ஆழம் 8 அடி. பெருக்கினால் 320 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி). உண்மையில் பாதிகூட இல்லை, ஏனென்றால் கண்மாயின் உள்வாய் சரிவாக ஏறுகிறது. மட்டம் இறங்க இறங்க நீர்விளிம்போரம் கைபேசி ஜி.பி.எஸ்.ஸோடு நடந்து பரப்பை எடுப்பதுதான் சரியான வழி. கிடைத்தவை:

2 அடியில் 6 ஏக்கர்
4 அடியில் 15 ஏக்கர்
6 அடியில் 26 ஏக்கர்
8 அடியில் 40 ஏக்கர்

அடுத்தடுத்த இரண்டு பரப்புகளின் சராசரியை இடையிலுள்ள 2 அடியால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் 6, 27, 68, 134 ஏக்கர்-அடி. நிறைந்த கண்மாய் 134 ஏக்கர்-அடி, அதாவது 5.84 மில்லியன் கன அடி. மேல் 2 அடியில் மட்டும் 66 ஏக்கர்-அடி, ஏறக்குறைய பாதி. கம்பத்தில் 6 அடி தெரியும்போது முக்கால் கண்மாய் இருப்பதாகக் கண் சொல்லும், இருப்பது பாதிதான். நடவுக்கு எவ்வளவு நிலத்தைத் தொடலாம் என்று ஊர் கூடிப் பேசும்போது இந்த ஓர் அட்டவணை கையில் இருந்தாலே போதும், மாதிரிகூடத் தேவைப்படாது. சீமைக்கருவேலம் அடர்ந்த ஓரங்களில் விளிம்பு நடக்க முடியாது. அங்கே இரண்டு முனைகளைக் குறித்து நேர்கோடு போட்டோம். 2 அடிப் பரப்பில்தான் அதனால் பிழை கொஞ்சம் கூடுதல்.

வரத்து

நீர்ப்பிடிப்பு 600 ஏக்கர், செம்மண், நடுநடுவே பாறை. மழையிலிருந்து ஓடிவரும் நீருக்கு வளைவெண் (curve number) முறையைப் பயன்படுத்தினோம்; ஒரு நிலம் மழையில் எவ்வளவை ஓடவிடும் என்பதை ஒரே எண்ணால் சொல்லும் முறை அது. வளைவெண் 75 என்று வைத்தால் மண்ணின் தேக்குதிறன் 84.7 மி.மீ.; அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 16.9 மி.மீ. மழையை, மண் முதலில் குடித்துவிடும். அதற்கு மேல் பெய்வதன் வர்க்கத்தை, மழையோடு 67.7 கூட்டிய எண்ணால் வகுத்தால் ஓடும் நீர் மி.மீ.யில் கிடைக்கும்.

மாதக் கணக்கு உதவாது என்பது இங்கேதான் தெரிகிறது. ஐப்பசியில் 240 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாக ஒரே எண்ணாகச் சூத்திரத்தில் போட்டால் 162 மி.மீ. ஓடியதாக வரும், 600 ஏக்கருக்கு 318 ஏக்கர்-அடி, கண்மாய் இரண்டு முறை நிரம்பி வழியும். அதையே நாளுக்கு 8 மி.மீ. என்று பிரித்துப் போட்டால் ஒரு சொட்டுகூட வராது. இரண்டும் பொய். ஒரே நாளில் 80 மி.மீ. கொட்டினால் 27 மி.மீ. ஓடும், கண்மாய்க்கு 53 ஏக்கர்-அடி. இரண்டு தனித்தனி நாளில் 40, 40 பெய்தால் நாளுக்கு 5 மி.மீ.கூட முழுதாக ஓடாது, இரண்டும் சேர்ந்து 20 ஏக்கர்-அடிக்குச் சற்றுக் குறைவு. மழையின் மொத்த அளவு ஒன்றுதான், வரத்து மட்டும் இரண்டரை மடங்கு வேறுபடுகிறது. அதனால் மாதிரியின் கால இடைவெளி ஒரு நாளாகவே இருக்க வேண்டும். மழையும் அந்த நீர்ப்பிடிப்பிலேயே அளந்ததாக இருக்க வேண்டும். கோடைமழையும் ஐப்பசி இடிமழையும் நாலு கிலோமீட்டர் தள்ளி வேறாகப் பெய்யும்.

அப்படியும் ஓரிடத்தில் கணக்கு தோற்றது. நீர்ப்பிடிப்பில் மழையே இல்லாத ஒரு நாளில் கம்பம் ஓர் அடிக்கு மேல் ஏறியது. மேல்கண்மாய் மறுகால் பாய்ந்திருக்கிறது, அதாவது நிரம்பி வழிந்திருக்கிறது. இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலியாகக் கோத்தவை; மேலே நிரம்பினால்தான் கீழே வரும். உபரிநீர் வழியும் மேல்கண்மாய்க் கலுங்கு 20 அடி நீளம். அதன் மேல் அரை அடி உயரம் தண்ணீர் போனால் விநாடிக்கு ஏறக்குறைய 22 கன அடி. நாள் முழுக்க ஓடினால் 43 ஏக்கர்-அடி, நம் கண்மாயில் மூன்றில் ஒரு பங்கு. மேல்கண்மாயையும் மாதிரிக்குள் இழுத்தால் அதற்கும் மேலே உள்ளதை இழுக்க வேண்டிவரும். எல்லையை ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். கலுங்குச் சுவரில் ஒரு சின்ன அளவுகோல் ஒட்டி, பாயும் நாட்களில் உயரத்தைக் குறித்து, அதை வெளியிலிருந்து வரும் வரத்தாகச் சேர்த்தோம். எல்லைக்கு வெளியே விட்ட ஒன்று உள்ளே உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் எல்லை தப்பு என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழை வலுத்த ஆண்டுகளில் இங்கே அந்த ஆபத்து உண்டு.

போக்கு

ஆவியாதலும் கசிவும் ஒன்றாகத்தான் கம்பத்தில் தெரியும். பிரித்தெடுக்க, மழையும் இல்லாமல் மடையும் மூடியிருக்கும் நாட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மார்கழித் தொடக்கத்தில் கிடைத்த அப்படிப்பட்ட நாட்களில் மட்டம் நாளுக்கு 14 மி.மீ. இறங்கியது. ஒரு நாளில் 14 மி.மீ.யைக் கம்பத்தில் பார்க்க முடியாது. நாலைந்து நாள் சேர்த்து எடுத்து வகுக்க வேண்டும். ஆவிமானித் தொட்டியில் 7 மி.மீ.; 0.7 ஆல் பெருக்கினால் கண்மாயிலிருந்து ஆவியாவது 5 மி.மீ. மீதி 9 மி.மீ. கசிவு. 6 அடி மட்டத்தில், 26 ஏக்கர் பரப்பில், நாளுக்கு 0.43 ஏக்கர்-அடி வானத்துக்கும் 0.77 ஏக்கர்-அடி மண்ணுக்கும் போகிறது.

மடைப் போக்குக்கு மிதவை போதும். மடைக்குக் கீழே வாய்க்கால் நேராக ஓடும் 30 அடியை அளந்து, ஒரு காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டைப் போட்டு நேரம் பார்க்க வேண்டும். 25 விநாடி ஆனது. மேல்மட்ட வேகம் விநாடிக்கு 1.2 அடி, சராசரி வேகத்துக்கு 0.85 ஆல் பெருக்க வேண்டும். வாய்க்கால் 3 அடி அகலம், தண்ணீர் 0.8 அடி ஆழம். விநாடிக்கு 2.45 கன அடி. விநாடிக்கு ஒரு கன அடி நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 2 ஏக்கர்-அடி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கணக்கு விரைவாக வரும். 12 மணி நேரம் திறந்தால் 2.43 ஏக்கர்-அடி.

கிணறுகளை முதல் கட்டத்தில் ஒரே இருப்பாக எடுத்துக்கொண்டோம். கிணறுகள் பரவிய நிலம் 150 ஏக்கர். அடியில் நைஸ் (gneiss) என்ற கடினப் பாறை. மேலே சிதைந்த பகுதியில்தான் தண்ணீர். இப்படிப்பட்ட பாறையில் மண்ணிலிருந்து இறைத்தெடுக்கக்கூடிய நீர் மொத்தக் கன அளவில் ஒன்று முதல் மூன்று சதவீதம்தான். 2 சதவீதம் வைத்தால் கிணற்று மட்டத்தில் ஓர் அடி என்பது 3 ஏக்கர்-அடி. 40 அடி ஆழத்துக்கு 120 ஏக்கர்-அடி. ஆக, மண்ணுக்குள் இருப்பதும் கண்மாயில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

விவசாய இணைப்புகளுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மீட்டரை வைத்து இறைப்பைக் கணக்கிட வழியில்லை. 200 லிட்டர் டிரம் 20 விநாடியில் நிரம்புகிறது. அந்த 5 எச்.பி. மோட்டார் மணிக்கு 36 கன மீட்டர் இறைக்கிறது. 22 மோட்டாரும் நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 2.57 ஏக்கர்-அடி. கசிவு வரத்து எதுவும் இல்லாவிட்டால் நாளுக்குக் கிணறு 0.86 அடி இறங்க வேண்டும்.

கண்மாயிலிருந்து கசிந்தது அன்றே கிணற்றுக்கு வந்துவிடாது. கரையடிக் கிணறு சில நாட்களில் ஏறுகிறது, கடைமடைக் கிணற்றுக்கு மூன்று வாரம் ஆகிறது. நடுவில் ‘வழியில் உள்ள நீர்’ என்று இன்னோர் இருப்பு வைத்து, நாள்தோறும் அதில் பதினைந்தில் ஒரு பங்கு கிணற்றுக்குப் போவதாக எழுதினால் சராசரியாக 15 நாள் தாமதம் வந்துவிடும்.

ஓடவிட்டபோது

முதல் ஓட்டத்தில் கண்மாய் வற்றியபின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனது. மடைக் கட்டத்தில் வெறும் 2.43 என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். தண்ணீரே இல்லாத கண்மாயிலிருந்து மாதிரி தொடர்ந்து திறந்துவிடும். எந்தப் போக்காக இருந்தாலும், தேவை, இருப்பில் மீதி இரண்டில் சிறியதை எடு என்றே எழுத வேண்டும். கிணற்று இறைப்புக்கும் அதே விதி.

வேறு எதையும் பார்க்கும் முன் மூன்று சோதனை. மழையைப் பூஜ்யமாக்கினால் கண்மாய் மெதுவாக வற்றி, வற்றியபடி நிற்க வேண்டும். ஒரே நாளில் 300 மி.மீ. போட்டால் 134இல் நின்று மிச்சம் மறுகால் போக வேண்டும். விரிதாளின் கடைசிப் பத்தியில் (நெடுவரிசையில்) மொத்த வரத்து, மொத்தப் போக்கு, இருப்பு மாற்றம் மூன்றையும் கூட்டிக் கழித்தால் எல்லா நாளும் பூஜ்யம் வர வேண்டும். இந்தப் பூஜ்யப் பத்தியைப் போடாமல் யாரும் மாதிரி கட்ட வேண்டாம். ஏதாவது ஓர் ஓட்டத்தை இருப்பில் சேர்க்க விட்டுப்போனாலும் இது உடனே காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு, மார்கழித் தொடக்கத்தில் கம்பத்தில் 7 அடி இருந்த நாளிலிருந்து ஓடவிட்டு அளந்த மட்டத்தோடு ஒப்பிட்டோம். மடை வாரத்துக்கு மூன்று நாள், 12 மணி நேரம் என்று ஊரில் சொன்ன முறையை அப்படியே போட்டிருந்தோம். முதல் இரண்டு வாரம் ஒட்டியது. மார்கழி முடிவில் கம்பம் அரை அடிக்கு மேல் கீழே நின்றது. தை முதல் வாரத்தில் இடைவெளி ஒன்றே கால் அடி. கணக்கு 3.5 அடி என்றது, கம்பம் 2.2 அடி காட்டியது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை, ஏதாவது ஓர் எண்ணைத் திருகிக் கோட்டை ஒட்டவைப்பது. கசிவை 9இலிருந்து 13 மி.மீ. ஆக்கினால் மார்கழி முடிவுக் கணக்கு அழகாக ஒட்டிவிடுகிறது. கண்மாயை மட்டும் அளந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம். கிணற்றையும் அளந்ததால் பொய் நிற்கவில்லை. கூடுதலாகக் கசிந்ததாகச் சொல்லும் 9.4 ஏக்கர்-அடி கிணற்றுக்குத்தான் போக வேண்டும். வந்து சேர்ந்ததும் கிணற்று மட்டம் 3 அடி உயர வேண்டும். டேப்போ கிணறு மாதிரியைவிடக் கீழே இருப்பதாகக் காட்டியது. ஓர் இருப்பின் கோட்டை எந்த எண்ணை வைத்தும் ஒட்டவைக்கலாம். இரண்டு இருப்புகளை ஒரே நேரத்தில் ஒட்டவைக்க, காரணம் சரியாக இருந்தால்தான் முடியும். அளக்க இரண்டு நாள் இருந்தால், ஒன்றைக் கண்மாய்க்கும் ஒன்றைக் கிணற்றுக்கும் செலவிடுங்கள்.

அடுத்து, இடைவெளி எந்த நாட்களில் விழுகிறது என்று பிரித்துப் பார்த்தோம். மடை மூடிய நாட்களில் இறக்கம் அதே 14 மி.மீ. ஆகவே கசிவும் ஆவியாதலும் சரி. பிசகு மடையில்தான். திறந்த நாட்களின் போக்கும் 2.45 கன அடியை ஒட்டியே இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து மாறியது திறந்த நாட்களின் எண்ணிக்கை: மூன்று ஐந்தாகியிருக்கிறது. ஏன் என்று மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சியிடம் கேட்டால் பதில் நேராக வந்தது: கடைமடைக் கிணறுகள் இறங்கியதும் அங்குள்ளவர்கள் கூடுதல் முறைத் தண்ணீர் கேட்கிறார்கள், அவர் திறக்கிறார். கிணற்றில் தண்ணீர் நின்றால் யாரும் மடையைத் திறக்கச் சொல்வதில்லை.

மாதிரியில் இல்லாமல் போனது இந்த ஒற்றை அம்புக்குறி. கிணறு இறங்கினால் மடை கூடுதலாகத் திறக்கும். மடை திறந்தால் கண்மாய்ப் பரப்பு சுருங்கும், பரப்பு சுருங்கினால் கசிவு குறையும், பதினைந்து நாள் கழித்துக் கிணறு இன்னும் இறங்கும், மடை இன்னும் திறக்கும். தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும் வட்டம். வேகம் தெரிவது தாமதத்துக்குப் பிறகு என்பதால் முதல் இரண்டு வாரம் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

இதை எழுதியதும் விரிதாள் ‘வட்டக் குறிப்பு’ என்று பிழை காட்டி நிற்கும். கிணறு மடையைப் பார்க்கிறது, மடை கிணற்றைப் பார்க்கிறது என்று கணினி மறுக்கிறது. பிழையை மறைக்கும் ‘திரும்பத் திரும்பக் கணக்கிடு’ (iterations) அமைப்பை இயக்க வேண்டாம். மடைக் கட்டம் இன்றைய கிணற்று மட்டத்தை அல்ல, நேற்றைய மட்டத்தைப் பார்க்கும்படி எழுதினால் பிழை போய்விடும். நிஜத்திலும் நேற்றைய மட்டத்தைப் பார்த்துத்தான் இன்று திறக்கிறார்கள். உண்மையான வட்டம் எதுவும் ஏதோ ஓர் இருப்பின் வழியாகத்தான் திரும்பி வரும். அப்படி வரவில்லை என்றால் படத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

வட்டம் சேர்ந்தபிறகு கண்மாயும் கிணறும் எந்த எண்ணையும் திருகாமலே ஒட்டின. மாதிரிக் கண்மாய் தை இரண்டாம் வாரத்திலேயே வற்றியது. மூன்று நாள் முறை மாறாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றிருக்கும். நடவு கார்த்திகை நடுவில், நாற்றங்கால் நாட்களும் சேர்த்து 110 நாள் நெல் ரகம், அறுவடை மாசி இரண்டாம் வாரம். நடுவில் ஒரு மாதம் கிணறு மட்டுமே தாங்க வேண்டும். வரத்து இல்லாமல் முப்பது நாள் முழு இறைப்பு என்றால் கிணறு 26 அடி இறங்கும்.

மாசியில் கருகினால் மழை பொய்த்தது என்போம். மழைக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அதே மழையில் வேறு மடை விதி வேறு முடிவைத் தருகிறது. சிஸ்டம் டைனமிக்ஸ் துறையைத் தொடங்கிய ஜே ஃபாரஸ்டர் 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பார்த்த முதல் வேலையும் இந்த வகைதான். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கென்டக்கி ஆலைகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் சேர்ப்பதும் ஆள் குறைப்பதுமாக இருந்ததற்குச் சந்தையின் ஏற்ற இறக்கமே காரணம் என்று நினைத்தார்கள். ஆர்டர், கையிருப்பு, ஆட்கள் என்று பத்திகள் போட்டு அவர் பென்சிலால் வாராவாரம் கணக்கிட்டுப் பார்த்தார். ஆர்டர் சீராக வந்தாலும் ஆள் சேர்க்கும் விதியே அலையை உண்டாக்கியது. அந்த நோட்டுப் பக்கமும் இந்த விரிதாளும் செய்வது ஒரே வேலை.

விதிகளை மாற்றிப் பார்த்தவை

தூர்வாருதல். 20 ஏக்கரில் 2 அடி எடுத்தால் கொள்ளளவு 40 ஏக்கர்-அடி கூடும். மண் 17,400 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மறுகால் பாயும் ஆண்டுகளில் மாதிரி முழுப் பலனும் காட்டுகிறது. கண்மாய் நிரம்பாத ஆண்டில் பலன் பூஜ்யம். வராத தண்ணீரை எவ்வளவு பெரிய குழியும் சேர்க்காது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் அதே பணத்தை வரத்துக்காலைச் செப்பனிடச் செலவழிப்பதே சரி என்பது எங்கள் கருத்து. தூர்வாரும் முன் கடந்த பத்தாண்டில் எத்தனை முறை மறுகால் போனது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

10 ஏக்கர் நெல்லுக்குப் பதில் நிலக்கடலை. நெல்லுக்கு 1,200 மி.மீ., கடலைக்கு 500 மி.மீ. என்று எடுத்தால் 23 ஏக்கர்-அடி மிச்சம், கிணற்றில் ஏறக்குறைய 8 அடி என்று காகிதக் கணக்கு சொல்லும். மாதிரி அவ்வளவு தரவில்லை. நெல் வயலில் நாளுக்கு 4 மி.மீ. கீழே இறங்குகிறது, நூறு நாளில் அது 10 ஏக்கருக்கு 13 ஏக்கர்-அடி, அதுவும் இதே கிணறுகளுக்குத்தான் போகிறது. நிகர மிச்சம் 10 ஏக்கர்-அடி, கிணற்றில் மூன்று அடியை ஒட்டி. அதுவும் நல்ல மிச்சமே. 8 அடி என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு முழிக்கக் கூடாது.

மடையை மூன்று நாளோடு நிறுத்துதல். வட்டத்தை அறுப்பது இதுதான், செலவும் இல்லை. கண்மாய் நின்று கசிவதால் கிணறுகள் மொத்தமாக மேலே நிற்கின்றன. ஆனால் 22 கிணற்றையும் ஒன்றாகச் சேர்த்த மாதிரி, யாருடைய கிணறு நிற்கிறது என்பதைச் சொல்லாது. கரையடிக் கிணறுதான் முதலில் நிறையும். கூடுதல் முறை கேட்டவர்களோ கடைமடைக்காரர்கள். இந்த மாதிரியைக் காட்டி ‘மூன்று நாளோடு மூடுங்கள்’ என்று ஊர்க்கூட்டத்தில் பேசுவது அநியாயம். அந்தக் கேள்விக்கு இது கட்டப்படவில்லை.

எந்த எண்ணில் கவனம் வேண்டும் என்பதற்கு, ஒவ்வோர் எண்ணையும் சற்றே கூட்டிக் குறைத்து ஓட்டிப் பார்த்தோம். ஆவியாதலை ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் வற்றும் நாள் ஓரிரு நாளே நகர்கிறது. வளைவெண்ணை 75இலிருந்து 80 ஆக்கினால் 40 மி.மீ. மழையின் வரத்து 5இலிருந்து 8.2 மி.மீ.க்குத் தாவுகிறது. ஆவிமானித் தொட்டிக்குக் காட்டிய அக்கறையை மழைமானிக்குக் காட்டியிருக்க வேண்டும். நீர்ப்பிடிப்பின் மேல் முனையில் ஒன்று, கரையில் ஒன்று என இரண்டு மழைமானி குறைந்தபட்சத் தேவை.

அடுத்த பருவத்துக்குக் கிணற்று இருப்பை இரண்டாகப் பிரிக்கிறோம்: கரையடி 60 ஏக்கர், கடைமடை 90 ஏக்கர், நடுவில் மட்ட வித்தியாசத்தைப் பொறுத்து ஓடும் ஓர் ஓட்டம். தாமதம் கரையடிக்கு 5 நாள், கடைமடைக்கு 21 நாள். கூடுதல் முறைக்கான விதி கடைமடை மட்டத்தை மட்டும் பார்க்கும். இதற்கு ஒவ்வொரு பகுதியிலும் மூன்று கிணறுகளை வாரம் ஒருமுறை விடியலில் அளக்க வேண்டும். செலவு இன்னொரு டேப், சுமார் 300 ரூபாய். அளவைப் புரட்டாசிக்கு முன்பே தொடங்கினால் மழைக்கு முந்தைய கிணற்று மட்டம் தொடக்க இருப்பாகக் கிடைக்கும். இம்முறை அதை ஊகித்துத்தான் போட வேண்டியிருந்தது. ஆழ்துளைக் கிணறுகளை (போர்) ஆழப்படுத்தும் போட்டியை இந்த மாதிரியில் சேர்க்கவில்லை. அது பல ஆண்டுகளில் ஓடும் வட்டம். நாள் கணக்கில் ஒரு பருவத்தை ஓட்டும் விரிதாளில் அதற்கு இடமில்லை. பருவத்துக்கு ஒரு வரிசை என்று வேறொரு தாள் போட்டு, இந்தத் தாளின் மாசிக் கிணற்று மட்டத்தை அதற்கு உள்ளீடாகக் கொடுக்க வேண்டும்.